வானகத்தில் மூன்று நாள், சித்தப்பாவோடு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வானகம் பூங்கா இல்லை. ஊஞ்சல், சறுக்குமரம், படம் எடுக்க வரிசையாகப் பூச்செடி என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். கரூர் மாவட்டத்தில் கடவூர் பக்கம் சுருமான்பட்டி என்ற சின்ன ஊரை ஒட்டி, இயற்கை விவசாயத்தைத் தமிழ்நாடெங்கும் பரப்பிய நம்மாழ்வார் ஐயா தன் கடைசிச் சில ஆண்டுகளில் நண்பர்களையும் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கிய பண்ணை அது. தோட்டமும் மரக்காடும் வகுப்பும் எல்லாம் ஒரே நிலத்துக்குள். அங்கே நடக்கும் மூன்று நாள் இயற்கை வேளாண்மைப் பயிற்சிக்கு நானும் சித்தப்பாவும் போய் வந்தோம்.

போய் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்த சூட்டோடு எழுதியிருக்கலாம், ஆனால் அங்கே கற்றதை நம் மண்ணில் ஒரு போகமாவது செய்து பார்க்காமல் நல்லா இருந்தது என்று சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஒரு போகம் முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு விராலிமலைப் பக்கம் இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், நிலத்தைப் பார்ப்பது சித்தப்பாதான். கடலையும் சோளமும் மாறி மாறிப் போடுவார், அடியுரத்துக்குப் பையைப் பிரித்துக் கொட்டுவார், களை மிஞ்சினால் மருந்தடிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு விவரம் சொன்னவர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு ஐந்து வருடமாக இந்த நிலத்தை மாற்ற வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையில் வானகத்துக்கு முன்பே ஓர் இடத்தில் பணம் கட்டி ஒருநாள் வகுப்புக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம், நகரத்தில் குளிர்சாதன அரங்கில் நடந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையில் படம் காட்டினார்கள், மண் என்று ஒரு பிடி யார் கையிலும் தரவில்லை, போகும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் வளர்ச்சி ஊக்கி என்று விற்றார்கள். அதை வாங்கி வந்து தெளித்து ஒரு மாற்றமும் தெரியாமல் போனதில் சித்தப்பாவுக்கு இயற்கை விவசாயம் என்ற பேச்சே பிடிக்காமல் போய்விட்டது. அதனால் வானகம் என்று நான் ஆரம்பித்ததும் அவர் கேட்டது இதுதான்: “ஏம்ப்பா, மறுபடியும் பாட்டில் வாங்கவா?”

“பாட்டில் விக்கிற இடம் இல்ல சித்தப்பா, வந்து பாருங்க. பிடிக்கலைன்னா முதல் நாளே திரும்பிடலாம்” என்றேன். வந்தார்.

போகிற வழியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தைப் புரிந்துகொள்வது அங்கிருந்தே தொடங்குகிறது. மணப்பாறையிலிருந்து தரகம்பட்டி வழியாகக் கடவூருக்குப் போகப் போக நிலம் வறண்டுகொண்டே வரும், கல்லும் முள்ளும் வெள்வேல மரமுமாக, அப்புறம் திடீரென்று சுற்றிலும் மலை நிற்கும். கடவூரைச் சுற்றி மலைகள் ஒரு கிண்ணத்தின் விளிம்பு மாதிரி வளைந்து நிற்பதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். இந்த மலைக்காடுகள்தான் தேவாங்கு வாழும் இடம். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் தமிழக அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது, இந்தியாவில் தேவாங்குக்கென்று அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் இது. தேவாங்கு ராத்திரியில் மட்டும் வெளியே வந்து பூச்சி பிடித்துத் தின்னும் சின்ன உயிர், தாவத் தெரியாது, கிளையைப் பிடித்துப் பிடித்து மெதுவாகத்தான் நகரும். அதனால் ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடாவிட்டால் அதற்குப் பாதை அறுந்துவிடும். நாங்கள் தேவாங்கைப் பார்க்கவில்லை, பார்க்க நினைக்கவும் கூடாது, டார்ச் வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. ஆனால் நம் வயல் ஓரத்தில் இருந்த கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கல்லுக்காலும் கம்பியும் போட்டதில் எத்தனை உயிருக்குப் பாதை போயிருக்கும் என்று அந்தப் பேருந்தில்தான் முதல்முறையாக யோசித்தேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, மொத்தப் பயிற்சியிலும் இதற்குத்தான் முதல் மதிப்பெண் கொடுப்பேன், நிலத்தைச் சுற்றி நடப்பது. நடக்கிறோம், நிற்கிறோம், குனிந்து பார்க்கிறோம். ஒரு காலத்தில் புல்லும் முளைக்காத கல்லாங்காட்டில் மழைத்தண்ணீரை எப்படி நிறுத்தினார்கள் என்பதைச் சரிவில் ஏறி இறங்கித்தான் புரிந்துகொள்ள முடியும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய வாய்க்கால் மறிக்கிறது, வெட்டிய மண் கீழ்ப்பக்கம் கரையாகிறது, அந்தக் கரையில் மரம். வாய்க்கால் சரிவோடு போகாமல் சமமட்டத்தில் போக வேண்டும், அதுதான் ரகசியம், இல்லாவிட்டால் வாய்க்காலே ஓடையாகி மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். இதைப் படித்திருக்கிறேன், படமும் பார்த்திருக்கிறேன், ஆனால் கரையின் மேல் நின்று மேல்பக்கத்து மண்ணையும் கீழ்ப்பக்கத்து மண்ணையும் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புத்திக்குள் இறங்கியது.

ஒரு கணக்கு சொல்கிறேன், இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஒரு நல்ல ஐப்பசி மழையில் 5 சென்டிமீட்டர் கொட்டினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். இரண்டரை ஏக்கருக்கு ஐந்து லட்சம். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் “நம்ம நெலத்துல தெக்குப் பக்கமா அம்புட்டும் ஓடைக்குத்தானேப்பா போவுது” என்றார். ஆழ்துளைக் கிணறு இரண்டு தடவை போட்டுப் பணத்தைத் தொலைத்த குடும்பம் எங்களுடையது. அந்தத் தண்ணீரெல்லாம் மேலேயிருந்தே வந்து எங்கள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது மூடாக்கு. மூடாக்கு என்றால் தெரியாதவர்களுக்கு, இலை தழை, வைக்கோல், கடலைக்கொடி, கரும்புச் சோகை என்று கையில் கிடைத்ததைச் செடியைச் சுற்றி மண் தெரியாதபடி போர்த்திவிடுவது, அவ்வளவுதான். மத்தியான வெயிலில் வெறும் மண்ணில் ஒரு உள்ளங்கையையும் மூடாக்கை விலக்கி அதன் அடி மண்ணில் இன்னொரு உள்ளங்கையையும் நான் வைத்துப் பார்த்தேன், ஒன்று சுட்டது, இன்னொன்று பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. பூமியைக் கோவணம் கட்டாமல் விடக்கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார், அவரும் எங்களோடு பயிற்சிக்கு வந்தவர். வேருக்குப் பக்கத்தில் வாழும் நுண்ணுயிர்களும் மண்புழுவும் அந்தக் குளிர்ச்சியில்தான் வேலை செய்யும், வெயில் நேராக விழும் மண்ணில் அவை ஆழத்துக்கு இறங்கிவிடும் அல்லது செத்துப்போகும். இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தும் பழக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. இனிமேல் என் வீட்டில் கிடையாது.

கரைசல்களும் சொல்லித் தருகிறார்கள், நிறையப் பேர் அதற்காகவே வருகிறார்கள். அமுதக்கரைசலுக்கு ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர், 24 மணி நேரம் ஊறினால் போதும், அதன் பிறகு பத்து மடங்கு தண்ணீர் கலந்து விடலாம். பஞ்சகவ்யம் இன்னும் கொஞ்சம் பொறுமை கேட்கும், சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வாழைப்பழம், இளநீர் எல்லாம் சேர்த்துத் தினம் கலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும், தெளிக்கும்போது 10 லிட்டருக்கு 300 மில்லி. பழங்காலத்துப் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றிப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன், அதை இங்கே மரியாதையோடு சொல்ல வேண்டும். பூச்சிவிரட்டிக்கான இலைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆடு தின்னாதது, ஒடித்தால் பால் வருவது, கசப்பது, நாறுவது. நொச்சி, ஆடாதொடை, எருக்கு, வேம்பு, காட்டாமணக்கு என்று ஊருக்கு ஊர் கிடைப்பதை வைத்துச் செய்துகொள்ளலாம், கடைக்குப் போக வேண்டாம். சித்தப்பா சின்ன வயதில் ஆடு மேய்த்தவர், பயிற்சி கொடுத்தவர் அந்த நாலைச் சொன்னதும் ஏழெட்டு இலையின் பெயரை அடுக்கிவிட்டார். அன்று ராத்திரி தூங்கப் போகும் வரை அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது. நாற்பது வருடம் விவசாயம் செய்த மனிதரிடம் உனக்குத் தெரியும் என்று யாராவது சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

ஆனால் கரைசலுக்காக மட்டும் போகாதீர்கள் என்பது என் கருத்து. கரைசல் செய்முறை கைபேசியில் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே பார்த்துச் செய்யலாம். வெறும் பொட்டல் மண்ணில் எத்தனை குடம் ஊற்றினாலும் அது தங்காது. தண்ணீரை நிறுத்து, மண்ணை மூடு, வேலியோரம் மரம் வை, அப்புறம் கரைசல் என்ற வரிசை இருக்கிறதே, அந்த வரிசையை ஒரு நிலம் முழுக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போக வேண்டும். முன்பு போன அந்த அரங்கில் எனக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

நம்மாழ்வார் ஐயாவை விதைத்த இடம் அங்கேதான் இருக்கிறது. அவரை விரும்புகிறவர்கள் புதைத்தோம் என்று சொல்வதில்லை, விதைத்தோம் என்றுதான் சொல்வார்கள். 2013 டிசம்பர் 30ஆம் தேதி, காவிரிப் படுகையில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் இறந்தார். 75 வயது. தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலை. மழையை மட்டும் நம்பியிருக்கும் கரிசல்காட்டு விவசாயிக்கு விலை கொடுத்து வாங்கும் விதையையும் உரத்தையும் பூச்சிமருந்தையும் சிபாரிசு செய்கிறோமே, மழை தவறினால் அவன் கதி என்ன என்று கேட்டு, கேள்விக்குப் பதில் வராததால் வேலையை விட்டு வந்தவர். எனக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும், புத்தகத்தில் படித்தது. சித்தப்பாவுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நின்று கேட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

சாப்பாடு பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் தப்பு. சிறுதானியம்தான். சாமைச் சோறு, கம்பங்கூழ், கீரை, காய். எங்கள் வீட்டில் சிறுதானியம் என்றால் சர்க்கரை வந்தவர்களுக்குச் செய்யும் பத்தியம் என்ற நினைப்பு, அது பசித்த வயிற்றில், காலையிலிருந்து மண்ணைக் கிளறிவிட்டுக் கை கழுவி உட்கார்ந்த வயிற்றில் எவ்வளவு ருசி என்பது அங்கேதான் தெரிந்தது. தட்டை நாமே கழுவ வேண்டும். நான் வேண்டுமென்றே சோப்பை வீட்டில் வைத்துவிட்டுக் கடலைமாவும் சீயக்காயும் எடுத்துப் போயிருந்தேன், நாம் குளிக்கும் தண்ணீர் செடிக்குப் போகும் இடத்தில் நுரையை விடக் கூடாது என்பதற்காக. போகிறவர்கள் நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

வந்திருந்தவர்கள் விதவிதமானவர்கள். கணினி வேலையை விட்டுவிட்டு நிலம் தேடும் ஒரு பையன், மாடித்தோட்டம் போடும் ஒரு பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி, எங்கள் சித்தப்பா மாதிரி நிஜமான விவசாயிகள் கொஞ்சம் பேர். அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அந்தச் சின்னப் பெண் மண்புழுவைப் பார்த்து அலறினாள், மூன்றாம் நாள் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தாள், இதற்குக் கண் கிடையாது மாமா, ஆனா வெளிச்சம் தெரியும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். சுற்றுச்சூழல் கல்வி என்று பள்ளியில் ஒரு புத்தகம் இருக்கிறது, அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். இது வேறு, இது அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

மூன்று நாளில் எல்லாம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். விளைந்ததை எங்கே விற்பது, முதல் இரண்டு வருடம் வருமானம் குறைந்தால் குடும்பம் எப்படி ஓடும், ஆள் கூலி கட்டுமா, இந்தக் கேள்விகளுக்கு எந்த மூன்று நாள் வகுப்பிலும் முழுப் பதில் கிடைக்காது. கடன் வாங்கி நிலம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து பயிற்சி முடித்த வேகத்தில் வேலையை விடாதீர்கள், பக்கத்தில் இயற்கை முறையில் விவசாயம் செய்யும் ஒருவரிடம் ஒரு போகம் முழுக்க இருந்து பாருங்கள்.

இனி எங்கள் நிலத்துக் கதை. சித்தப்பா மொத்த நிலத்தையும் தரவில்லை, அரை ஏக்கர் கொடுத்தார், அதுவும் தெற்குச் சரிவு. முதலில் ஆளை வைத்து மூன்று குறுக்கு வாய்க்கால் எடுத்தோம், சமமட்டம் பார்க்க ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி கொத்தனார் பார்ப்பாரே, அதே முறை. ஆடியில் ஒரு மழை விழுந்ததும் பலதானியம் விதைத்தோம். தானியத்தில் நாலு, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, மசாலாவில் நாலு, தழைச்சத்துக்கு நாலு, மொத்தம் இருபது வகை. சோளம், கம்பு, தினை, சாமை, உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, துவரை, எள், கடலை, ஆமணக்கு, சூரியகாந்தி, கொத்தமல்லி, கடுகு, வெந்தயம், சோம்பு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு, நரிப்பயறு. அரை ஏக்கருக்குப் பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட ஆனது. ஐம்பது நாளில் பூ எடுத்ததும் மண்ணுக்கே உரமாகும்படி மடக்கி உழ வேண்டும். சித்தி அந்தப் பூவைப் பார்த்துவிட்டு உழ விடமாட்டேன் என்று சண்டைக்கு வந்தார், அத்தனை தேனீ. ஆனாலும் உழுதோம்.

அதற்குப் பிறகு அந்த அரை ஏக்கரில் போட்ட கடலை, பக்கத்தில் உரம் போட்ட கடலையை விடக் குறைவாகத்தான் காய்த்தது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் உரச்செலவு இல்லை, மருந்துச்செலவு இல்லை, கடலை பறிக்கும்போது அந்தப் பக்கம் மண் கட்டி கட்டியாக வந்தது, இந்தப் பக்கம் செடியைப் பிடித்து இழுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. வாய்க்காலில் ஐப்பசி மழைத்தண்ணீர் ஒன்பது நாள் நின்றதைச் சித்தப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பத்தாம் நாள் வற்றியதும் அதையும் சொன்னார். இந்த வருடம் ஒரு ஏக்கர் தருகிறார். வேலிக்குக் கிளுவைப் போத்து நட்டிருக்கிறார், நான் கேட்கவே இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், பயிற்சித் தேதியையும் கட்டணத்தையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் மாறும். தொப்பி, டார்ச், கொசுவுக்கு முழுக்கைச் சட்டை, நல்ல செருப்பு வேண்டும், முள் உண்டு. பாயில் படுக்க முடியாத முதுகுவலிக்காரர்கள் விரிப்பு ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து எண்ணி எண்ணித்தான் வரும், அதனால் திரும்பும் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள். குறிப்பேடு அவசியம், கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் எல்லோரும் கடைசியில் என் நோட்டைத்தான் கேட்டார்கள். முடிந்தால் வீட்டில் விவசாயம் பார்க்கும் பெரியவரையும் கூட்டிப் போங்கள், நீங்கள் மட்டும் கற்றுக்கொண்டு வந்து அவரிடம் சொன்னால் எடுபடாது.

எந்த மாதம் போவது என்பதில் எனக்கும் சித்தப்பாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கார்த்திகை, மார்கழியில் போனால் வாய்க்காலில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம் என்று நான் சொல்கிறேன். அவர் சித்திரையில் போகச் சொல்கிறார், அக்கினி வெயிலில் மூடாக்குக்குக் கீழே ஈரம் நிற்கிறதா என்று பார்த்தால்தான் விவசாயி நம்புவான் என்கிறார். அடுத்த சித்திரைக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறார்.